ட்வின் பீக்ஸ் எட்டாம் பகுதி: நேராகப் போகலாமா, சுற்றி வரலாமா?

தொலைக்காட்சியில் வந்த ஆகச் சிறந்த ஒரு மணி நேரம் எது என்று பேச்சு எழுந்தால் 'ட்வின் பீக்ஸ்: தி ரிட்டர்ன்' தொடரின் எட்டாம் பகுதியை யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். லாரா பாமர் என்ற பள்ளி மாணவியின் கொலையைச் சுற்றி 1990-91இல் வந்த 'ட்வின் பீக்ஸ்' தொடரின் தொடர்ச்சி அது. 2017 ஜூன் 25 அன்று அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் எட்டாம் பகுதி ஒளிபரப்பானது. இயக்கம் டேவிட் லிஞ்ச். எழுத்து அவரும் மார்க் ஃப்ராஸ்டும். 2025 ஜனவரியில் லிஞ்ச் மறைந்த பிறகு அவரைத் தேடிப் பார்க்கத் தொடங்கியவர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அந்த ஒரு பகுதியை மட்டும் பார்த்தால் போதுமா? 1990ஆம் ஆண்டின் முதல் எபிசோடிலிருந்தே தொடங்க வேண்டுமா? நடுவே ஒரு திரைப்படம் வேறு இருக்கிறதே, அதை எங்கே வைப்பது?

'எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள்' என்பதுதான் ரசிகர்கள் வழக்கமாகத் தரும் பதில். முப்பது மணி நேரத்துக்கு மேல் கேட்கும் பதில் அது. எல்லாருக்கும் அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு, வெளியே தெரியாத ஒரு விலையும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. லாரா பாமரைக் கொன்றது யார், 1991இல் தொடர் எப்படி முடிந்தது என்ற இரண்டையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் எட்டாம் பகுதியில் திரையில் வருவதைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டை எழுத முடியாது.

## எதை வைத்து எடைபோடுவது

நேரம் முதல் அளவுகோல். அது எளிது, கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கதைத் தொடர்பு. எட்டாம் பகுதியில் வரும் கரிபடிந்த மனிதர்கள், ஊதாக் கடல், பெட்ரோல் பங்கை ஒட்டிய கடை எல்லாமே முன்பே தொடரில் தலைகாட்டியவை. அவற்றை அடையாளம் காண முடிகிறதா?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. லாராவின் முகம் திரையில் வரும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது? அந்த ஒரு மணி நேரத்தின் நடுவில் பொன்னிற உருண்டை ஒன்றுக்குள் அவள் முகம் தெரிகிறது. அவளை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் அது ஒரே காட்சியாக இருக்காது.

நான்காவது, வியப்பு. எந்த வழியில் போனாலும் ஏதோ ஒரு திடுக்கிடலை முன்கூட்டியே செலவழிக்கிறீர்கள். எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது?

ஐந்தாவது, பாதியில் விட்டுவிடும் அபாயம். எட்டாம் பகுதிக்கே வந்து சேராமல் நின்றுபோனவர்கள் உண்டு.

## வழி 1: எட்டாம் பகுதி மட்டும்

ஒரு மணி நேரம். முன்கதை எதுவும் வேண்டாம். இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு, அது சரியல்ல. இந்தப் பகுதியின் பெரும்பகுதி, நீங்கள் கதையைப் பின்தொடர்கிறீர்களா என்று கவலையே படுவதில்லை.

தொடக்கத்தில் இரவு நேரச் சாலை, ஒரு கார், துப்பாக்கிச் சூடு. கைல் மக்லாக்லன் நடிக்கும் ஒருவன் சுடப்பட்டு விழுகிறான். இருட்டிலிருந்து கரிபடிந்த மனிதர்கள் வந்து அவன் உடலைச் சூழ்ந்து ஏதோ செய்கிறார்கள். அடுத்து ஒரு மதுக்கூடத்தில் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழு முழுப் பாட்டையும் பாடி முடிக்கிறது. அதன் பிறகு படம் கறுப்பு வெள்ளையாகிறது: 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ், காலை 5.29. உலகின் முதல் அணுகுண்டுச் சோதனையான டிரினிட்டி நடந்த நாளும் நேரமும் இவை. வெகு தூரத்தில் வெடிப்பு. கேமரா அவசரமே இல்லாமல் அந்தக் காளான் மேகத்தை நோக்கி நகர்ந்து அதற்குள்ளேயே போய்விடுகிறது. பின்னணியில் போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கியின் புகழ்பெற்ற படைப்பு. ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கான ஒப்பாரியாக, 52 தந்தி வாத்தியங்களுக்காக எழுதப்பட்டது அது. வாத்தியங்கள் அதில் பாடுவதில்லை, அலறுகின்றன.

மேகத்துக்குள் போனபின் நெருப்பு, புள்ளிகள், புகை, ஒளிச் சிதறல். பிறகு ஒரு சிறிய கடையும் அதைச் சுற்றித் துடித்துத் துடித்து நகரும் அந்தக் கரி மனிதர்களும். அதன்பின் கடல் நடுவே பாறைமேல் ஒரு கோட்டை. அங்கே காரெல் ஸ்ட்ரைக்கன் நடிக்கும் உயர்ந்த மனிதர் வெடிப்பைத் திரையில் பார்க்கிறார், மேலே மிதக்கிறார், அவர் தலையிலிருந்து பொன்னொளி பிறக்கிறது. கடைசியாக 1956 ஆகஸ்ட் 5. பாலைவனத்தில் ஒரு முட்டை பொரிகிறது. வீட்டுக்கு நடந்துபோகும் ஒரு சிறுவன், ஒரு சிறுமி. ஒரு கரி மனிதன் வானொலி நிலையத்துக்குள் நுழைந்து ஒலிவாங்கியைப் பிடித்து ஒரே சில வரிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். கேட்டவர்கள் இருந்த இடத்திலேயே சாய்கிறார்கள்.

இதில் கதையாகப் புரிந்தே ஆக வேண்டியது மிகக் குறைவு. மனிதர்கள் ஒரு வாசலைத் திறந்தார்கள், அதன் வழியாகத் தீமை வந்தது, அதற்கு எதிராக எங்கோ ஒருவர் ஒன்றை அனுப்பினார். இந்த அளவு யாருக்கும் எட்டும். ஒலியும் ஒளியும் எப்படி வேலை செய்கின்றன என்று கற்க விரும்பும் சினிமா மாணவருக்கோ, படத்தொகுப்பாளருக்கோ, இசைக்காரருக்கோ இந்த வழி முழுமையானது. குற்ற உணர்ச்சி எதுவும் இல்லாமல் பார்க்கலாம்.

மறைந்திருக்கும் விலை இரண்டு. முதல் கால்மணி நேரம் உங்களுக்கு வெறும் குழப்பம். அதைத் தாண்டி 1945இல் தொடங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். இந்தப் பகுதியில் கரி மனிதர்கள் முதலில் வருவது அந்தக் கால்மணி நேரத்தில்தான். அவர்கள் ஒரு உடலை என்ன செய்தார்கள் என்று தெரியாமல் பின்னால் வரும் கடைக் காட்சிக்குக் கனம் இல்லை. இரண்டாவது விலை பெரியது. பொன்னுருண்டைக்குள் தெரியும் பெண்முகம் உங்களுக்கு யாரோ ஒரு அழகான பெண். அந்த இடத்தில் பலர் அழுதார்கள். நீங்கள் அழ மாட்டீர்கள், ஏன் அழுதார்கள் என்றும் விளங்காது. அதோடு, இந்தப் பகுதியை இரண்டாம் முறை பார்க்கலாம், முதல்முறையாகப் பார்ப்பது ஒரே ஒருதரம்தான்.

## வழி 2: 2017 தொடரின் முதல் பகுதியிலிருந்து

எட்டாவது மணி நேரத்தில் இலக்கை அடைகிறீர்கள். பழைய தொடரைப் பார்க்காமல் புதியதிலிருந்து தொடங்குவது நடைமுறைக்கு ஏற்றதாகத் தோன்றும். கதைத் தொடர்பில் லாபமும் உண்டு. முதல் பகுதியில் நியூயார்க்கில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தோன்றும் உருவம், மூன்றாம் பகுதியின் ஊதாக் கடல், தெற்கு டகோட்டாவில் சிறையிலும் பிணவறைத் தாழ்வாரத்திலும் தென்படும் கரி மனிதன், எஃப்.பி.ஐ. அதிகாரி கோர்டன் கோலின் அறைச் சுவரை நிறைக்கும் அணுகுண்டு மேகப் படம் (கோலாக நடிப்பவர் லிஞ்ச்தான்) என்று எல்லாம் எட்டாம் பகுதியில் வந்து சேர்கின்றன.

இருந்தாலும் நான்கில் இதைத்தான் நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த ஏழு பகுதிகளும் 25 ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்காக எடுக்கப்பட்டவை. பழைய மனிதர்கள் நரைத்த தலையோடு ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். அவர்களை இளமையில் பார்த்திருந்தால்தான் அந்த நரை பேசும். லாஸ் வேகஸில் ஒரு காப்பீட்டு நிறுவன ஊழியரைச் சுற்றி நடக்கும் கிளைக்கதை, 'எப்போது வருவார், எப்போது வருவார்' என்று ஏங்குபவரை இன்னும் ஏங்கவைப்பதற்காகவே அத்தனை மெதுவாக நகர்கிறது. யாருக்காக ஏங்குவது என்று தெரியாதவருக்கு அது வெறும் மெதுவான காட்சி. ஏழாம் பகுதியில் ஒருவர் மதுக்கூடத்தின் தரையைப் பெருக்குவதை இரண்டு நிமிடத்துக்கும் மேல் காட்டுகிறார்கள். புதிதாக வந்தவர்கள் அங்கே எழுந்து போய்விடுவதில் வியப்பில்லை.

1991 முடிவையும் இந்த வழி முதல் மணி நேரத்திலேயே போட்டு உடைத்துவிடும். பழைய தொடரை எந்தக் காலத்திலும் பார்க்கப்போவதில்லை என்று உறுதியாக இருப்பவருக்கு மட்டும் இது சரி.

## வழி 3: தேர்ந்தெடுத்துப் பார்க்கும் சுருக்க வழி

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் முடிவு. முதல் சீசனின் எட்டு எபிசோடுகளும், இரண்டாம் சீசனின் முதல் பத்தும், அதன் கடைசி இரண்டும், பிறகு 1992இல் வந்த 'ஃபயர் வாக் வித் மீ' திரைப்படம், அதன்பின் 2017 தொடரின் முதல் எட்டுப் பகுதிகள். ஏறக்குறைய 28 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி என்றால் ஒரு மாதம்.

சில தளங்களில் பைலட்டை, அதாவது தொடரின் அறிமுக எபிசோடை, தனியாகப் பட்டியலிடுவதால் முதல் சீசனில் ஏழுதான் தெரியும். அப்படியென்றால் பைலட்டைத் தேடி எடுத்து முதலில் பாருங்கள். அதை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? 1990 ஏப்ரல் 8 அன்று ஏபிசி சேனலில் ஒளிபரப்பான, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே மேல் ஓடும் அந்தப் பைலட்டில் துப்பறிதல் கொஞ்சம்தான். அதிகம் இருப்பது துக்கம். ஆற்றங்கரையில் பிளாஸ்டிக்கில் சுற்றிய உடல். தொலைபேசியில் செய்தி வந்து சேரும் முன்பே அதை உணர்ந்து அலறும் தாய். வகுப்பறையில் ஒரு காலி நாற்காலியைப் பார்த்த மாத்திரத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ளும் தோழி. பள்ளி முதல்வர் ஒலிபெருக்கியில் மரணத்தை அறிவித்துவிட்டு உடைந்து அழ, கேமரா கோப்பைகள் வைத்த அலமாரிக்குப் போய் லாராவின் புகைப்படத்தில் நிற்கிறது.

அந்தப் புகைப்படத்தில் உள்ள முகம்தான் 27 ஆண்டுகள் கழித்துப் பொன்னுருண்டைக்குள் வருகிறது. 1990இல் ஒலிபெருக்கி வழியே வந்த ஒரு குரல் பள்ளி முழுவதையும் அழவைத்தது. எட்டாம் பகுதியில் வானொலி வழியே வரும் ஒரு குரல் ஊர் முழுவதையும் மயங்கி விழச் செய்கிறது. இந்த இரண்டையும் பார்த்தவருக்கு மட்டும் கிடைக்கும் நடுக்கம் ஒன்று உண்டு.

இணைப்புகள் இன்னும் இருக்கின்றன. முதல் சீசனின் மூன்றாம் எபிசோடில் துப்பறிவாளர் டேல் கூப்பர் காணும் கனவில் ஒற்றைக்கை மனிதன் ஒருவன், தாங்கள் ஒரு கடைக்கு மேலே குடியிருந்ததாகச் சொல்கிறான். 1992 படத்தில் அந்த மாடியறையையும் அங்கே கூடும் தாடிக்கார மனிதர்களையும் பார்க்கிறோம். டேவிட் போவி நடித்த எஃப்.பி.ஐ. அதிகாரி பிலிப் ஜெஃப்ரீஸ் அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பிதற்றுகிறார். எட்டாம் பகுதியில் வருவது அந்தக் கடைதான். இரண்டாம் சீசனின் ஏழாம் எபிசோடில் லாராவின் தாய் வீட்டுக்குள் ஒரு வெள்ளைக் குதிரையைக் காண்கிறாள். வானொலியில் கரி மனிதன் சொல்லும் வரிகளில் அந்தக் குதிரை திரும்ப வருகிறது. கோட்டையில் மிதக்கும் உயர்ந்த மனிதர், இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில் கூப்பரின் விடுதி அறையில் தோன்றியவர்.

இரண்டாம் சீசனில் ஏன் பத்தோடு நிறுத்த வேண்டும்? கொலையாளி யார் என்பதைச் சொல்லாமலே வைத்திருக்க லிஞ்சும் ஃப்ராஸ்டும் விரும்பினார்கள். சேனல் வற்புறுத்தியது. 1990 நவம்பர் 10 அன்று விடை வெளியானது; டிசம்பர் 1 அன்று வழக்கு முடிந்தது. அதாவது ஒன்பதாம் எபிசோடோடு தொடரின் முதுகெலும்பு எடுக்கப்பட்டுவிட்டது. பத்தாம் எபிசோடைச் சேர்த்ததற்குக் காரணம், விமானப்படை அதிகாரி மேஜர் பிரிக்ஸ் காட்டில் ஒளிவெள்ளத்தில் மறைவது அதில்தான்; 2017 தொடருக்கு அந்த மனிதர் தேவை. அதன்பின் வரும் பத்தில் ஊரைவிட்டுப் போன ஜேம்ஸின் காதல், தன்னை உள்நாட்டுப் போர்த் தளபதியாக நினைத்துக்கொள்ளும் விடுதி முதலாளி பென் ஹார்ன் என்று திசை தெரியாத கிளைக்கதைகள் நிறைய. பார்வையாளர்கள் விலகியது அந்தக் காலத்தில்தான்.

இந்த வழியின் மறைவிலை: கடைசி இரண்டு எபிசோடுகளுக்கு வந்ததும் விண்டம் ஏர்ல், ஆனி என்று அறிமுகமில்லாத இருவர் கதையின் மையத்தில் நிற்பார்கள். ஏர்ல் கூப்பரின் பழைய கூட்டாளி, இன்று பகைவன். ஆனி கூப்பர் காதலிக்கும் பெண். இவ்வளவு தெரிந்தால் சமாளித்துவிடலாம். டேவிட் டுகோவ்னி நடித்த போதைப்பொருள் தடுப்பு அதிகாரி டெனிஸ் பிரைசன் பாத்திரத்தை இழப்பதுதான் எனக்கு வருத்தம். அந்த மூன்று எபிசோடுகளை, 11 முதல் 13 வரை, நேரமிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரைப்படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது லாராவின் கடைசி ஏழு நாட்களைச் சொல்லும் முன்கதை. முன்கதைதானே என்று முதலில் பார்க்க ஆசை வரும். கூடாது, கொலையாளி யார் என்பதை அது மறைப்பதே இல்லை. தவிர்க்கவும் கூடாது. தொடர் முழுக்கப் புகைப்படமாகவும் பிணமாகவும் மட்டும் இருந்த லாராவை ஷெரில் லீ உயிருள்ள, பயந்த, போராடும் பெண்ணாக்கியது இந்தப் படத்தில்தான். வீட்டுக்குள் நடக்கும் பாலியல் வன்கொடுமையை அது நேருக்கு நேர் காட்டுகிறது. அதைத் தாங்க முடியாத நிலையில் இருப்பவர் படத்தை விட்டுவிடுவதில் தவறில்லை. பைலட் ஒன்றே லாராவைப் போதிய அளவு மனதில் பதித்துவிடும்.

## வழி 4: எல்லாவற்றையும் வரிசையாக

முப்பது எபிசோடுகள், திரைப்படம், பிறகு எட்டுப் பகுதிகள். ஏறக்குறைய 35 மணி நேரம். 2017 தொடரின் பதினெட்டுப் பகுதிகளையும் முடிக்க இன்னும் பத்து.

நேரக் கணக்கில் வழி 3க்கும் இதற்கும் இடையே ஏழு எட்டு மணிதான். உண்மையான வேறுபாடு நேரத்தில் இல்லை, தொய்வு எங்கே விழுகிறது என்பதில்தான். இரண்டாம் சீசனின் நடுவில் நின்றுபோனவர் 1991 ஜூன் 10 அன்று ஒளிபரப்பான, லிஞ்ச் இயக்கிய இறுதி எபிசோடை இழக்கிறார். திரைப்படத்தை இழக்கிறார். எட்டாம் பகுதியையும்.

தாண்டி வருபவருக்குக் கிடைப்பதும் உண்டு. அந்த ஊரோடு ஒரு பழக்கம் ஏற்படுகிறது. ஆர்ஆர் உணவகமும் காவல் நிலையமும் உங்கள் சொந்த இடங்கள் போலாகின்றன. 2017இல் அந்தப் பழக்கத்தையெல்லாம் லிஞ்ச் நம்மிடமிருந்து விலக்கி வைக்கிறார். எட்டாம் பகுதியில் முற்றாகவே மறுக்கிறார். இழப்பின் கனம் அதிகம் தெரிவது இந்த வழியில் வந்தவருக்குத்தான். வாரத்துக்கு இரண்டு எபிசோடு என்று நிதானமாகப் பார்க்கக்கூடியவர்கள், சேர்ந்து பார்க்கத் துணை இருப்பவர்கள் இதை எடுக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | வழி 1: எட்டு மட்டும் | வழி 2: 2017இலிருந்து | வழி 3: சுருக்க வழி | வழி 4: முழுவதும் |
|---|---|---|---|---|
| எட்டாம் பகுதி முடியும்வரை | 1 மணி | 8 மணி | சுமார் 28 மணி | சுமார் 35 மணி |
| கதைத் தொடர்பு | மிகக் குறைவு | பாதி | பெரும்பாலும் | முழுமை |
| லாராவின் முகம் | அறியாத முகம் | கேள்விப்பட்ட முகம் | துக்கம் | துக்கம் |
| முன்கூட்டியே செலவாகும் வியப்பு | எட்டாம் பகுதியே | 1991 முடிவு | எதுவும் இல்லை | எதுவும் இல்லை |
| பாதியில் விடும் அபாயம் | இல்லை | அதிகம் | குறைவு | நடுவில் அதிகம் |
| யாருக்கு | ஒலி, ஒளி கற்பவர் | பழையதைப் பார்க்கவே மாட்டாதவர் | பெரும்பாலானவர் | நிதானமும் துணையும் உள்ளவர் |

## எந்த வழியில் வந்தாலும்

பைலட்டுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. வெளிநாட்டு விநியோகத்துக்காக எடுத்த வடிவத்தின் இறுதியில் கூடுதல் காட்சிகளைச் சேர்த்து வழக்கையே முடித்துவைத்திருப்பார்கள். உங்களிடம் இருப்பது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஓடினால் அது அந்த வடிவம். விலக்குங்கள்.

அணு வெடிப்பிலும் கடைக் காட்சியிலும் வெளிச்சம் வேகமாக விட்டு விட்டு மின்னுகிறது. வலிப்பு நோய் உள்ளவர்களும் ஒளிமின்னல் ஒத்துக்கொள்ளாதவர்களும் கவனமாக இருக்க வேண்டும். வானொலி நிலையத்தில் மண்டையை நசுக்கிக் கொல்லும் காட்சிகளும் உண்டு. குழந்தைகளோடு பார்க்கும் பகுதி இல்லை இது.

விவரம் ஒன்று. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது ஜப்பான் நேரப்படி 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15. அந்த நொடியில் நியூ மெக்சிகோவில் இன்னும் ஆகஸ்ட் 5, மாலைப் பொழுது. முட்டை பொரிவதற்குத் தொடர் தேர்ந்தெடுத்த தேதியும் ஆகஸ்ட் 5. வேண்டுமென்றே செய்ததா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெண்டரெட்ஸ்கியின் ஒப்பாரியை அந்த வெடிப்பின் மீது வைத்தவர்கள் ஹிரோஷிமாவை மறந்திருப்பார்கள் என்று நம்பவும் முடியவில்லை.

கைப்பேசியில் பார்க்க வேண்டாம். இரவில், விளக்கணைத்து, நல்ல ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள். வசனம் குறைந்த இந்தப் பகுதியில் கதையைச் சுமப்பது ஒலிதான். முடிந்ததும் ஒன்பதாம் பகுதியை உடனே ஓடவிடாதீர்கள். 2017இல் ஷோடைம் நடுவே ஒரு வாரம் விட்டு, ஜூலை 9 அன்றுதான் அடுத்ததை ஒளிபரப்பியது. முழுத் தொடரையும் ஒரே மூச்சில் பார்ப்பவர்கள்கூட அந்த இடைவெளியை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சிறுமி யார், அந்த முட்டை என்ன என்று தொடர் எங்கேயும் நேராகச் சொல்வதில்லை. நீங்களே யோசித்துப் பார்க்க அந்த ஒரு வாரம் தேவைப்படும்.